பெயரும் பாடபேதமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் குடும்ப வரலாற்று நூல்கள் குறித்து

பங்சார் என்னும் ஊர்ப்பெயர் இரண்டு குடும்பப் பெயர்களின் ஒட்டாகும். ஆண்ட்வெர்ப் நகரத்து வணிகக் குடும்பங்களான புங்கே, கிரிசார் ஆகிய இரண்டின் பெயர்களை இணைத்து ஒரு ரப்பர்த் தோட்டத்திற்கு இட்ட பெயரே நாளடைவில் மருவிற்று என்பது இப்பெயருக்குப் பரவலாகத் தரப்படும் விளக்கம். பழைய ஆவணங்களில் 'புங்சார்' என்னும் வடிவமே காணப்படுவது இதற்கு அரண் செய்கிறது. தோட்டம் அழிந்து, வீடமைப்புப் பகுதிகளும் உணவகங்களும் பெருகிய பின்னரும் அவ்விரு பெயர்கள் சாலைப் பலகையிலும் இரயில் நிலையத்திலும் நிலைத்துவிட்டன. அதே மண்ணில் பால்மரம் சீவியவர்களின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டன, எவரால் எழுதப்பட்டன, எழுதியதை இன்று நாம் எவ்வாறு படிக்கிறோம் என்னும் வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

அண்மைக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் குடும்ப வரலாற்று நூல்கள் பல வெளிவருகின்றன. திருமண வெள்ளிவிழா, மூத்தோர் நினைவுநாள், குடும்ப ஒன்றுகூடல் ஆகிய நிகழ்ச்சிகளை ஒட்டி அச்சாகும் இவை உறவினர்க்குள்ளேயே வழங்கப்படுவதால் திறனாய்வாளர் கண்ணில் படுவதில்லை. நம் கைக்கு எட்டியவற்றைப் படித்தபோது அவற்றின் உழைப்பு நம்மை வியக்க வைத்தது. அவற்றின் முறையியலோ நம்மைக் கவலைகொள்ளச் செய்தது. தனியார் குடும்பங்களைப் பற்றியன ஆதலின் நூற்பெயர்களையும் ஆசிரியர் பெயர்களையும் இங்குத் தவிர்க்கிறோம். பிழைகள் அவர்களுக்கு மட்டும் உரியனவும் அல்ல.

முன்னோரைத் தேடும் முயற்சிக்கு அமெரிக்காவே இன்று பெரும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அங்கும் நிலைமை எளிதன்று. அந்நாட்டில் 1790 முதல் 1840 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் மக்களும் வயதுக் கட்டங்களில் எண்களாக நின்றனர். 1850இல்தான் அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரும் பதிவாயிற்று. அதே 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியவை குறிக்கப்பட்டன. அடிமையின் பெயர் பெரும்பாலும் இல்லை. அவர்களை முதன்முதலாகப் பெயர் சுட்டிய கணக்கு 1870ஆம் ஆண்டினது. எனவே தொடக்ககால அமெரிக்கக் குடியேறி ஒருவரின் குடும்பத்தைத் தேடுவோர் நிலப்பத்திரம், உயில், தேவாலயப் பதிவேடு ஆகியவற்றின் துணையோடு முன்செல்கின்றனர். நிலமும் உயிலும் உடையவன் பின்னோக்கி நெடுந்தூரம் செல்கிறான். அவை அற்றவனின் பாதை 1870ஆம் ஆண்டுச் சுவரில் முட்டி நிற்கிறது.

அச்சுவரைத் தாண்டிவிட்டதாக உலகம் கொண்டாடிய நூல் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்'. 1976இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. காம்பியாவிலிருந்து 1767இல் 'லார்ட் லிகோனியர்' கப்பலில் கொண்டுவரப்பட்ட குந்தா கிந்தே என்பவரே, வர்ஜீனியாவில் வாலர் குடும்பத்தின் ஆவணங்களில் காணப்படும் 'டோபி' என்னும் அடிமை என்று அந்நூல் நிறுவ முயன்றது. 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் என்னும் இருவர் அதே ஆவணங்களை மீளப் படித்தனர். கப்பல் வருவதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1762இலேயே, டோபி வர்ஜீனியாவில் இருந்தமையை அவர்கள் காட்டினர். ஹேலியின் நூல் தன் மக்களுக்கு அளித்த தன்மதிப்பை இக்கண்டுபிடிப்பு குறைத்துவிடவில்லை. எனினும் வாய்மொழி மரபையும் எழுத்துப் பதிவையும் இணைக்கும் இடத்தில் ஆசை முந்திக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அது நிலைத்த சான்று. நம் குடும்ப நூல்களின் ஆசிரியர்கள் ஹேலியைப் போற்றி முன்னுரை எழுதுகின்றனர். மில்ஸ் இணையரை அவர்கள் படித்ததாகத் தெரியவில்லை.

கப்பல் பதிவேடு என்னும் மயக்கம்

நாம் கண்ட நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் குறை ஒன்று. பிற நாட்டுத் தமிழர்க்குக் கிடைத்த ஆவணம் நமக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று கருதிக்கொள்வதே அது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேருக்கும் பதிவு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் ஆகியவை அப்பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. முதற்கப்பலாகிய 'ட்ரூரோ' 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் சேர்ந்தது. அதில் வந்தோரின் பட்டியலை இன்றும் படிக்கலாம். மொரீஷியசில் மகாத்மா காந்தி நிலையம் பாதுகாக்கும் குடிநுழைவு ஆவணங்களில் நிழற்படங்கள்கூட உள்ளன. பிஜித் தீவுக்குக் கல்கத்தாவிலிருந்து சென்றோரின் 45,439 பயணச் சீட்டுகளைக் கணினிவழி ஆராய்ந்தே பிரிஜ் லால் 1983இல் தம் 'கிர்மிட்டியாஸ்' நூலை எழுதினார்.

மலாயாவின் கதை வேறு. இங்கும் ஒப்பந்தக்கூலி முறை இருந்தது. அது 1910இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் ரப்பர் பெருகிய காலத்தில் நம் முன்னோரைக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் கங்காணி முறையே. தோட்டத்துரை தம் கங்காணிக்கு உரிமச்சீட்டுப் பெற்றுத் தருவார். கங்காணி தன் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டுவான். ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் தங்கிக் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கித் தனிமைப்படுத்தும் முகாமைக் கடந்து அவர்கள் தோட்டம் புகுந்தனர். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்ட பின்னர்ப் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. தொழிலாளி தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமையால், தனியாள் ஒருவரை ஊர், தந்தை பெயர், அடையாளக் குறி ஆகியவற்றோடு வாழ்நாள் முழுதும் தொடரும் எண்ணிட்ட பதிவு இங்கு நேட்டாலைப் போல் உருவாகவில்லை. கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட பெருநூல் இக்குடிப்பெயர்வின் அளவையும் போக்கையும் மாவட்டவாரியாகக் காட்டுகிறது. ஆனால் அது தொகைகளின் வரலாறு. அதில் தன் பாட்டனைத் தேடுவது ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதற்கு ஒப்பாகும்.

இந்நிலையில் நாம் படித்த நூலொன்று முப்பாட்டனார் 'ரஜூலா' கப்பலில் 1912இல் வந்திறங்கியதாகக் கூறுகிறது. அக்கப்பல் கட்டப்பட்டதோ 1926இல். மலாயாத் தமிழர் நினைவில் எல்லாக் கப்பலும் ரஜூலாவாகிவிட்டது. இதை நாம் எள்ளலாகச் சொல்லவில்லை. நினைவு இவ்வாறுதான் இயங்கும். ஆனால் நினைவை ஆவணமாக்கி ஆண்டு குறிப்பவர் கப்பலின் ஆண்டையும் பார்த்திருக்க வேண்டும்.

கிராணியின் செவியும் கையும்

ஆயின் எழுத்துச் சான்றே இல்லை எனக் கைவிரிப்பதும் தவறு. தோட்டத்துச் செக்ரோல் இருந்தது. விடியலுக்கு முன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பெயர்கள் நாள்தோறும் அதில் குறிக்கப்பட்டன. பிறப்பு, இறப்புப் பதிவுகள் இருந்தன. 1948இல் நெருக்கடி காலம் தொடங்கியதும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், கோயில் திருப்பணி நன்கொடைப் பட்டியல், கல்லறைக் கல், ஊருக்குப் பணம் அனுப்பிய அஞ்சல் துண்டு என்று தேடுவோர்க்குச் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நம் நூலாசிரியர்கள் சளைக்கவில்லை. கண்டுபிடித்ததைப் படிக்கும் முறையிலேயே அவர்கள் தடுமாறுகின்றனர்.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு கருவி கைவசம் உண்டு. அதுவே பாடவேறுபாட்டு ஆய்வு. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை அச்சேற்றுமுன் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினார். ஏடெழுதியவர் எதைக் கேட்டு எழுதினார், எதைக் கண்டு எழுதினார், எந்த எழுத்து எந்த எழுத்தாக மயங்கும் என்று ஆராய்ந்த பின்னரே பாடத்தைத் துணிவது பதிப்பாசிரியர் மரபு. தோட்டப் பதிவேடும் ஓர் ஏடுதான். அதை எழுதியவர் கிராணி. பெரும்பாலும் மலையாளியோ யாழ்ப்பாணத்தவரோ ஆகிய அவர், தொழிலாளி சொன்ன பெயரைத் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் எழுதினார். அரசுப் பணிமனையில் எழுதியவருக்குத் தமிழே தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆங்கில எழுத்தில் லகர ளகர ழகரங்கள் ஒன்றாயின. ணகர நகர னகரங்கள் ஒன்றாயின. டகரமும் தகரமும் ஒரே 'டி'யில் அடங்கின. குறிலும் நெடிலும் வேறுபாடிழந்தன. இப்படி ஆங்கிலத்தில் நின்ற பெயரை மூன்றாம் தலைமுறையினர் மீண்டும் தமிழுக்குக் கொணரும்போது எத்தனை வாசல்கள் திறக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'கே, ஏ, எல், ஐ' என்று தொடங்கி 'அம்மாள்' என முடியும் பெயரைப் பதிவேட்டில் காண்கிறோம். இது காளியம்மாளா, கலியம்மாளா? காளி தமிழகமெங்கும் வழங்கும் தெய்வம். ஆகவே காளியம்மாள் என்னும் பெயரைக் கொண்டு ஊரைத் துணிய இயலாது. கலியபெருமாள், கலியம்மாள் என்னும் பெயர்களோ பழைய தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களில் மிகுதியாக வழங்குவன. ஒரு நெடில் பாட்டியின் ஊரையே மாற்றிவிடுகிறது. ஏழுமலை என்னும் பெயர் வடதமிழகத்தைச் சுட்டும். கருப்பையா என்றால் புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கம் நம் மனம் செல்லும். பெயர் தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்காது என்பது உண்மையே. ஆனால் கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றூரிலும் ஆள் திரட்டியவன் ஆதலால், ஒரே கங்காணியின் கீழ் வந்த பத்துப் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு வட்டாரம் தெளிவாகத் துலங்கும். நம் நூல்கள் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் விட்டுவிடுகின்றன. உறவினர் அல்லாதவரின் பெயர் தமக்கு வேண்டாததென்று அவர்கள் கருதுகின்றனர்.

ஊர்ப்பெயர்க்கும் இதே கதிதான். 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று 1920களில் எழுதப்பட்டிருந்தால் அவ்வூர் இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களுள் ஒன்றில் இருக்கலாம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல்தான். 'வடஆர்க்காடு' என்பது இன்றைய தமிழக வரைபடத்தில் இல்லை. இதை அறியாமல் தஞ்சை நகரிலேயே இறங்கி, பெரிய கோயிலின் முன் படம் எடுத்து, 'நம் பூர்வீகம்' என்று அட்டையில் அச்சிட்ட நூலும் நம்மிடம் உள்ளது.

இந்நூல்களில் காணப்படும் மற்றொரு போக்கு இதனினும் வருந்தத்தக்கது. தோட்டத்தில் பெண் தன் பெயரில் பெரட்டுக்கு நின்றாள். தன் பெயரில் கூலி பெற்றாள். ஆகவே செக்ரோலில் அவள் பெயர் உண்டு. தொடக்ககால அமெரிக்கக் கணக்கில் எண்ணாக மட்டும் நின்ற மனைவியரைக் காட்டிலும் இவ்வகையில் நம் பாட்டிமார் தெளிவாகப் பதிவானவர்கள். ஆனால் அப்பதிவேட்டைப் பயன்படுத்தி வரையப்பட்ட வம்சாவளிக் கொடியில் ஆண்பெயர்கள் மட்டுமே இலைவிடுகின்றன. துரையும் கிராணியும் எழுதிவைத்த பெயரைப் பேரன் அடித்துவிட்டான். இங்கு ஆவணத்தின் மௌனத்தைக் குறைகூற இடமே இல்லை.

யாழ்ப்பாணத்தார் பெற்ற வாய்ப்பு

பிரிக்பீல்ட்சில் வேரூன்றிய யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்று நூல்கள் இவற்றிலிருந்து வேறுபட்டு, ஐந்தாறு தலைமுறைகளை உறுதியாகச் சொல்கின்றன. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் இரயில் ஓடத் தொடங்கிய பின்னர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தவர்கள் இவர்கள். துரை ராஜ சிங்கம் இலங்கையர் மலாயாவில் வாழ்ந்த நூறாண்டுகளைத் தொகுத்தபோது அவருக்குக் கிடைத்த தரவு வளம் தோட்டத் தமிழரைப் பற்றி எழுத முனையும் எவருக்கும் வாய்க்காது. இதற்குக் காரணம் இவர்கள் நினைவாற்றல் மிக்கவர்கள் என்பதன்று. ஒல்லாந்தர் எடுத்த நிலத் தோம்பும் தலைத் தோம்பும், சீதன உறுதிகளும், தேவாலயப் பதிவேடுகளும் அவர்களின் முன்னோரைப் பெயர்சுட்டி வைத்திருந்தன. நிலமுடையான் நெடிது செல்கிறான் என்று அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

இங்கேயும் படிக்கும் முறை பிழைத்தால் விபரீதம் விளையும். அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. அங்குப் பயின்ற மாணவர்க்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்னும் பெயர்களின் முற்பகுதி அவ்வாறு வந்தது. ஒரு குடும்பக் கொடியின் உச்சியில் இத்தகைய பெயரைக் கண்ட இளைஞர் ஒருவர், தம் முன்னோருள் அமெரிக்கர் ஒருவர் இருந்தார் என்றே நம்பி நம்மிடம் வந்தார். அவர் தேடிய அமெரிக்க முன்னோர், கடல்கடந்து பணம் அனுப்பிய உபகாரியாகவே இருத்தல் கூடும். பெயர் இரத்த உறவைக் காட்டாத இடமும் உண்டு என்பதை அவரால் எளிதில் ஏற்க முடியவில்லை. அதே செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் ஏடுகளின் பாடவேறுபாடு ஆராய்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார் என்பதை அவரிடம் நினைவூட்டினோம்.

தகரப்பெட்டி

இந்த ஆராய்ச்சி ஓய்வுகாலப் பொழுதுபோக்கன்று என்பதைப் பங்சாரில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரின் தகரப்பெட்டி நமக்கு உணர்த்தியது. அவருடைய தாயார் புங்சார்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். பெட்டியில் தாயாரின் பெயர் நான்கு தாள்களில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. தந்தையின் பெயர் ஒன்றில் முனியாண்டி, மற்றொன்றில் முனியன். 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையும் 1952இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் 1957இன் விடுதலையும் குடியுரிமைக்குப் பிறப்பையும் வசிப்பையும் அளவுகோலாக்கின. பிறந்ததற்குத் தாள் வேண்டும். தாளில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இவருடைய அக்காளுக்கு அவை ஒத்துப்போகவில்லை. சிவப்பு அட்டையோடு வாழ்ந்தார். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை அற்றோர்க்கு வேலை உரிமச்சீட்டைக் கட்டாயமாக்கியபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழரோடு அவரும் கணவருடன் கப்பலேறினார். தாம் பார்த்திராத நாட்டுக்கு அவர் 'திரும்பிச்' சென்றார். கிராணி எழுதிய ஓர் எழுத்து உடன்பிறந்தாரைக் கடலின் இரு கரைகளில் நிறுத்தியது.

அம்மூதாட்டியின் தாய்மாமன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. சப்பானியர் காலத்தில் அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் வீட்டார் அறிந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனபுரிக் கல்லறையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கற்கள் உள்ளன. அங்கு மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கற்கள் இல்லை. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' போன்ற புனைவுகளே பல குடும்பங்களுக்கு ஆவணத்தின் இடத்தில் நிற்கின்றன. புனைவை ஆவணமாக மேற்கோள் காட்டும் குடும்ப நூல்களை இவ்விடத்தில் மட்டும் கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை.

மூதாட்டியின் அண்ணன் மகன் தம் குடும்ப வரலாற்றை எழுதி முடித்திருந்தார். நல்ல உழைப்பாளி. காப்பகத்திற்குப் பலமுறை சென்றவர். நூலின் முதல் இயல் பாட்டியைக் 'காளியம்மாள்' என்று கொண்டு, மதுரைப் பக்கத்துப் பாளையக்காரர் ஒருவரின் வழித்தோன்றலாக ஆக்குகிறது. இடையில் ஐந்து தலைமுறைகளுக்குச் சான்றில்லை. 'வாய்மொழியாக அறியப்படுகிறது' என்னும் ஒரு தொடர் அந்த இடைவெளியைக் கடந்துவிடுகிறது. யாருடைய வாய் என்று கேட்டோம். விடையில்லை. தோட்டத்துக் கூலியின் பேரன் என்பதில் அவருக்கு ஏதோ கூச்சம் இருந்ததாக நமக்குப் பட்டது. அரசரையோ பாளையக்காரரையோ உச்சியில் வைக்காத குடும்ப நூலை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

அவர் முன்னிலையிலேயே மூதாட்டியிடம், "அம்மா, உங்கள் அம்மாவின் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்டோம். "கலியம்மா" என்றார், குறிலாக. மறுமுறையும் அவ்வாறே சொன்னார். அம்மாவின் ஊர் எது என்றதற்கு, "சீர்காழிப் பக்கம்னு சொல்லுவாங்க, நாகப்பட்டணத்துக்கு நடந்தே வந்தாங்களாம்" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவரிடம் இதை எவரும் கேட்டதில்லை. தாள்களைப் படித்தவர்கள் அருகில் இருந்த மனிதரைப் படிக்கவில்லை. எழுத்தில் மயங்கிய நெடிலை அவர் நாவு மயங்காமல் காத்து வைத்திருந்தது. இருப்பினும் இதுவும் ஒரு பாடமே. அதைத் தாள்களோடும், அதே கங்காணியின் கீழ் வந்த பிறரின் பெயர்களோடும் ஒப்பிட்டே துணிய வேண்டும் என்று அந்த நண்பரிடம் கூறினோம். செக்ரோலின் படியில் அதே பக்கத்தில் ஒரு கலியபெருமாளும் இரண்டு வைத்தியநாதன்களும் இருந்தனர். வைத்தீசுவரன் கோயில் சீர்காழிக்கு அருகில் உள்ளது என்பது தமிழாசிரியர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூல் அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. சில வாரங்களுக்குப் பின் படியொன்று நமக்கு வந்தது. அட்டையின் உட்புறம் பிழைதிருத்தத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. காளியம்மாள் என்று வரும் இடங்களிலெல்லாம் கலியம்மாள் எனப் படிக்குமாறு அதில் குறிப்பு இருந்தது. பாளையக்காரர் இயல் அப்படியே இருக்கிறது.